தமிழகக் கடற்கரையை முதன்முறை சுற்றிப் பார்க்க: பழவேற்காடு முதல் குமரி வரை ஒரு வழிகாட்டி

தமிழகத்தின் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் கொஞ்சம் அதிகம். வடக்கே பழவேற்காட்டில் ஆரம்பித்து, குமரிமுனையில் திரும்பி, மேற்கே கேரள எல்லை வரை போகிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலானோர் இதில் நாலே நாலு இடத்தைத்தான் பார்க்கிறார்கள்: மெரினா, மாமல்லபுரம், ராமேஸ்வரம், கன்னியாகுமரி. நான்குமே பார்க்க வேண்டியவைதான். ஆனாலும் பலர் அரைமனதோடு திரும்புவதைப் பார்க்கிறேன். இடத்தில் குறை ஒன்றும் இல்லை, போன நேரம்தான் தவறு. மதியம் ஒரு மணிக்குக் கடற்கரைக் கோயிலில் நின்றால் கால் சுடுவது மட்டும்தான் நினைவில் நிற்கும். பன்னிரண்டரைக்குச் சிதம்பரத்தில் இறங்கினால் பூட்டிய கதவைத்தான் பார்க்க வேண்டும்.

அதனால் இந்தக் கட்டுரையில் எந்த இடம் என்பதோடு எந்த நேரம், எந்தக் கிழமை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நாலு பெரிய ஊர்களுக்கு நடுவே பேருந்து நிற்காமல் கடந்துபோகும் சில சின்னத் துறைமுக ஊர்களையும் சேர்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் இந்தக் கரையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

முதல் படி: மாதத்தை முடிவு செய்யுங்கள்

தை, மாசி இரண்டும்தான் சிறந்த மாதங்கள். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை மழை இருக்காது, வெயிலும் தாங்கும். வலசை வந்த பறவைகளும் இன்னும் கிளம்பியிருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. எல்லா நாளும் மழை கொட்டாது என்றாலும், வங்காள விரிகுடாவில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால் உங்கள் திட்டம் மொத்தமும் கலைந்துவிடும். அந்த மாதங்களில் வருவதாக இருந்தால் இரண்டு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருப்பதாகச் செய்தி வந்தால் படகுப் பயணங்கள் எதுவும் இருக்காது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏப்ரல், மே மாதங்களில் இன்னொரு விஷயமும் உண்டு. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுக்காரர்கள் கரையோரமாகப் பிடித்து வருவதுதான் சந்தைக்கு வரும், விலையும் ஏறியிருக்கும். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் மட்டும் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மீன் சாப்பிடுவதற்காகவே வருகிறவர்கள் இந்தத் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் பிடிக்காதவர்கள் தவிர்க்க வேண்டிய நாட்களும் இருக்கின்றன. காணும் பொங்கலன்று மெரினாவிலும் மாமல்லபுரத்திலும் நிற்க இடம் கிடைக்காது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேஸ்வரம் நிரம்பிவிடும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போய்வரும் ஐயப்ப பக்தர்களால் கன்னியாகுமரியில் அறை கிடைப்பதே கஷ்டம். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. திருவிழாவைப் பார்ப்பதே நோக்கம் என்றால் தாராளமாக வாருங்கள், ஆனால் அறையை வெகுநாள் முன்பே பிடித்துவிட வேண்டும்.

இரண்டாம் படி: கரையை மூன்று துண்டாகப் பிரியுங்கள்

ஒரே மூச்சில் முழுக் கரையையும் பார்க்கப் பன்னிரண்டு நாளாவது வேண்டும். அவ்வளவு விடுப்பு எல்லோருக்கும் கிடைக்காது. சென்னையிலிருந்து சிதம்பரம் வரை ஒரு துண்டு, நான்கு நாள். சிதம்பரத்திலிருந்து கோடியக்கரை வரை இரண்டாவது, மூன்று நாள். ராமேஸ்வரத்திலிருந்து கன்னியாகுமரி வரை மூன்றாவது, ஐந்து நாள். ஒரு பயணத்துக்கு ஒரு துண்டு போதும். ஐந்து நாளில் சென்னை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி மூன்றையும் முடிப்பதாகத் திட்டம் போட்டால் பகலில் பாதி வண்டியிலேயே கழியும்.

போக்குவரத்தைப் பொறுத்தவரை நீண்ட தூரத்துக்கு ரயில், பக்கத்து ஊர்களுக்குப் பேருந்து, கடைசி ஐந்து பத்து கிலோமீட்டருக்கு ஆட்டோ. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும். எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம், திருச்செந்தூர், தூத்துக்குடி, கன்னியாகுமரி நான்குக்கும் இரவு வண்டிகள் இருக்கின்றன. விடுமுறைக் காலமென்றால் முன்பதிவு திறந்த அன்றே எடுத்துவிடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகும் பேருந்து கோயம்பேட்டிலிருந்து கிளம்புகிறதா, கிளாம்பாக்கத்திலிருந்தா என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே சென்னை நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும்.

மூன்றாம் படி: கிழமையைப் பாருங்கள்

இது சின்ன விஷயம்தான், ஆனால் இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். எழும்பூர் அருங்காட்சியகம், ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம், தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை அருங்காட்சியகம் மூன்றுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா கலாச்சார அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய். வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்கும் திங்கள். பெரிய கோயில்கள் பெரும்பாலும் நண்பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தி மாலை நான்கு மணிக்கு மேல்தான் திறக்கும். ஆக, காலையில் கோயில், மதியம் சாப்பாடும் பேருந்தும், மாலையில் கடற்கரை என்று வைத்துக்கொண்டால் எந்த ஊரிலும் தப்பாது.

முதல் துண்டு: சென்னை முதல் சிதம்பரம் வரை

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் பழவேற்காடு. கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே பரந்து கிடக்கும் உப்பங்கழி ஏரி, ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரியது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பூநாரைகள் வரும். ஊருக்குள் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள் உங்களை வரவேற்கும். 1613-ல் அவர்கள் இங்கே கட்டிய கெல்ட்ரியா கோட்டையில் இப்போது மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஏரியில் படகில் கூட்டிப்போகிறேன் என்று யாராவது அழைத்தால் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏறவே வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே நடந்த படகு விபத்தில் 22 பேர் இறந்தார்கள்.

சென்னை நகரத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். விடிவதற்கு முன்பே காசிமேட்டுக்குப் போனால் மீன் ஏலத்தைப் பார்க்கலாம். வழியில் நிற்காமல் ஓரமாக நில்லுங்கள், அங்கே எல்லோரும் ஓட்டமும் நடையுமாக வேலை செய்கிறார்கள். பிறகு எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைக் கூடம். திருவாலங்காட்டு நடராசரை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டு வராதீர்கள், பக்கவாட்டிலும் பின்பக்கமும் போய்ப் பாருங்கள். மாலையில் மயிலாப்பூர், சாந்தோம், அப்படியே நடந்து மெரினா.

மாமல்லபுரம்தான் இந்தத் துண்டின் தலைநகர். சென்னையிலிருந்து வெறும் 55 கிலோமீட்டர் என்பதால் எல்லோரும் பத்து மணிக்கு வந்து மூன்று மணிக்குத் திரும்புகிறார்கள், அதாவது வெயில் உச்சத்தில் இருக்கும்போது. ஒரு இரவு அங்கே தங்குங்கள். காலை ஆறு மணிக்குத் திறந்தவுடன் கடற்கரைக் கோயில். கிழக்குப் பார்த்த கோயில் என்பதால் அப்போது வெளிச்சம் நேராகக் கோபுரத்தில் விழும். அதைப் பார்த்துவிட்டு அர்ச்சுனன் தபசு. அந்தப் பாறையும் கிழக்குப் பார்த்ததுதான், எட்டரை மணி வரை புடைப்புகள் நிழலோடு துல்லியமாகத் தெரியும். ஐந்து ரதங்களை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைக் கோயிலுக்கும் ரதங்களுக்கும் ஒரே நுழைவுச்சீட்டுதான், அதே நாளில் இரண்டுக்கும் செல்லும். தபசுப் பாறைக்குச் சீட்டே வேண்டாம்.

தபசுப் பாறையின் முன் அரை மணி நேரமாவது நில்லுங்கள். பெரிய யானைகளைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறவர்களே அதிகம். அந்த யானையின் தும்பிக்கைக்குக் கீழே பாருங்கள்: ஒரு பூனை ஒற்றைக்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேலே தூக்கித் தவம் செய்கிறது. அதன் காலடியில் எலிகள் பயமே இல்லாமல் இருக்கின்றன. நடுவே இருக்கும் பிளவில் நாகர்கள் மேலே ஏறுகிறார்கள். பிளவின் அடியில் இருக்கும் சின்னக் கோயிலின் அருகே ஒருவர் குளித்துவிட்டு ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிறார். ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்கிறது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் காலச் சிற்பி ஆற்றங்கரையில் தினமும் கண்ட காட்சிகள் இவை. பக்கத்திலேயே இருக்கும் கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும் காட்சியும் அப்படித்தான், கறக்கக் கறக்கப் பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கும். வழிகாட்டி வைத்துக்கொள்வதாக இருந்தால் சுற்றுலாத் துறையின் அடையாள அட்டை உள்ளவரைத் தேர்ந்தெடுங்கள், தொகையை முன்பே பேசிவிடுங்கள்.

வடக்கே சாளுவன்குப்பத்தில் புலிக்குகை. அதன் அருகே 2004 சுனாமிக்குப் பிறகு தோண்டி எடுக்கப்பட்ட பழைய செங்கல் முருகன் கோயிலின் அடித்தளம் இருக்கிறது. கூட்டமே இருக்காது. குழந்தைகளோடு போனால் வடநெம்மேலி முதலைப் பண்ணை கட்டாயம்.

அடுத்து புதுச்சேரி. அது தனி யூனியன் பிரதேசம், ஆனால் சாலை அதன் வழியாகத்தான் போகிறது. மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், அப்போது நடந்து பாருங்கள். ஆரோவில்லின் தியான மண்டபமான மாத்ரிமந்திருக்குள் போக வேண்டுமென்றால் பல நாள் முன்பே பதிவு செய்ய வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பதற்கு வருகையாளர் மையத்தில் அன்றைக்கே அனுமதி கிடைக்கும்.

பிறகு சிதம்பரம், அங்கிருந்து 15 கிலோமீட்டரில் பிச்சாவரம் அலையாத்திக் காடு. முந்தின இரவு சிதம்பரத்தில் தங்கி, காலையில் முதல் படகைப் பிடியுங்கள். ஒன்பது மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்துவிடும். மோட்டார் படகா, துடுப்புப் படகா என்று கேட்பார்கள். துடுப்புப் படகையே எடுங்கள். மோட்டார் படகு அகலமான கால்வாயில் மட்டும் சத்தத்தோடு போய்த் திரும்பும். துடுப்புப் படகுதான் கிளைகள் தலையில் உரசும் குறுகிய வாய்க்காலுக்குள் நுழையும். அங்கே வேர்களைக் கவனியுங்கள். சுரபுன்னையின் வேர்கள் கிளையிலிருந்து வளைந்து இறங்கிச் சேற்றில் ஊன்றி நிற்கும். இன்னொரு வகை மரத்தின் வேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும். மண்ணில் காற்று இல்லாததால் மரம் மூச்சுவிடுவது அவற்றின் வழியாகத்தான். 2004 சுனாமியின்போது பின்னால் இருந்த ஊர்களுக்கு அரணாக நின்றது இந்தக் காடு. படகோட்டிக்குக் கூடுதலாக ஏதாவது கொடுக்க விரும்பினால் இறங்கும்போது கொடுங்கள்.

எட்டரைக்குப் படகைவிட்டு இறங்கினால் பத்து மணிக்கு நடராசர் கோயிலில் இருக்கலாம். நடை சாத்துவதற்குள் நிதானமாகப் பார்க்க நேரம் இருக்கும்.

இரண்டாம் துண்டு: சிதம்பரம் முதல் கோடியக்கரை வரை

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நூறு கிலோமீட்டர் நீளத்துக்குள் ஒரு சங்ககாலத் துறைமுகம், ஒரு டேனிஷ் கோட்டை, ஒரு தர்கா, ஒரு மாதா கோயில், ஒரு உப்பு சத்தியாகிரக நினைவிடம், ஒரு வெளிமான் காடு என்று வேறு எங்கும் கிடைக்காது.

பூம்புகாரில் பழைய காவிரிப்பூம்பட்டினத்தைத் தேடாதீர்கள், அதைக் கடல் கொண்டுவிட்டது. காவிரி கடலில் கலக்கும் இடத்தையும் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையும் பார்த்துவிட்டு நகரலாம். இரண்டு மணி நேரம் போதும்.

தரங்கம்பாடிக்கு ஒரு முழு நாள் கொடுங்கள், முடிந்தால் இரவும் தங்குங்கள். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டென்மார்க்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போகும் வரை இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் இருந்தார்கள். ஊருக்குள் நுழையும்போதே 1792-ல் கட்டிய வெள்ளை நிற நுழைவாயில் வரும். அங்கேயே ஆட்டோவை அனுப்பிவிட்டு ராஜ வீதியில் நடங்கள். இருபுறமும் பழைய வீடுகளும் தேவாலயங்களும் வரிசையாக வரும். 1706-ல் இங்கே வந்து இறங்கிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் அமைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். அது வெளிவந்த ஆண்டு 1715. வீதியில் இருக்கும் 1718-ஆம் ஆண்டின் புதிய எருசலேம் ஆலயத்தில்தான் அவருடைய கல்லறை. தமிழில் படிக்கிற, எழுதுகிற யாரும் அங்கே ஒரு நிமிடம் நிற்கத் தோன்றும்.

வீதி முடிகிற இடத்தில் கோட்டை, அதன் அருகே கடலை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் அரித்து முன்பகுதி போய்விட்டது, மிச்சம் இருப்பதைப் புதுப்பித்திருக்கிறார்கள். கோட்டையை மாலை நாலரைக்கு மேல் பாருங்கள், செங்காவி நிறச் சுவரில் மேற்கு வெயில் விழும். வெள்ளிக்கிழமை வேண்டாம் என்பது நினைவிருக்கட்டும்.

காரைக்காலைத் தாண்டினால் நாகூர் தர்கா. ஐந்து மினாராக்கள் தூரத்திலிருந்தே தெரியும். அவற்றில் உயரமானதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். எல்லா மதத்தவரும் வந்து போகும் இடம். தலையை மூடிக்கொள்ள ஒரு துண்டோ கைக்குட்டையோ வைத்திருங்கள். வியாழன் இரவில் கூட்டம் இருக்கும். மாலையில் தெருவில் சுடச்சுட விற்கும் இறால் வாடாவைச் சாப்பிடாமல் கிளம்பாதீர்கள். நாகப்பட்டினத்தைத் தாண்டி வேளாங்கண்ணி. திருவிழா இல்லாத நாட்களில் அரை நாளில் பார்த்துவிடலாம்.

வேதாரண்யம், கோடியக்கரை இரண்டும் ஒன்றாகப் போகும். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு அள்ளியது இங்கேதான். அகஸ்தியன்பள்ளியில் நினைவுத்தூண் இருக்கிறது, சுற்றிலும் இன்றைக்கும் உப்பளங்கள். வெள்ளைக் குவியல்களைப் படம் எடுக்கலாம், வரப்பில் நடக்கும்போது பாத்திகளை மிதித்துவிடாதீர்கள். கோடியக்கரை சரணாலயத்தில் வெளிமான் கூட்டத்தை வருடம் முழுக்கப் பார்க்கலாம். பறவைகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை. வனத்துறை அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு காலை ஆறரைக்கே உள்ளே இருங்கள். அங்கே சாப்பாட்டுக் கடை கிடைக்காது, தண்ணீரும் பிஸ்கட்டும் வேதாரண்யத்திலேயே வாங்கிவிடுங்கள்.

மூன்றாம் துண்டு: ராமேஸ்வரம் முதல் கன்னியாகுமரி வரை

கோடியக்கரையிலிருந்து ராமேஸ்வரத்துக்குச் சாலை வழியாக வந்தால் ஒரு நாள் முழுக்கப் பிடிக்கும். வழியில் சரபேந்திரராசன்பட்டினத்தில் மனோரா நிற்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டு நிலைக் கோபுரம். தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் வனத்துறையே அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறது. பிச்சாவரத்தைத் தவறவிட்டவர்கள் இங்கே ஈடுகட்டிக்கொள்ளலாம். இந்தப் பாக் நீரிணைப் பகுதியில்தான் 2022-ல் கடல்பசுவுக்கென்று தனிப் பாதுகாப்பகம் அறிவித்தார்கள்.

ராமேஸ்வரத்துக்கு ரயிலிலேயே போங்கள், பாலத்தைக் கடக்கும்போது விழித்திருங்கள். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலம் ஓய்வுபெற்று, 2025 ஏப்ரலில் புதிய பாலம் வந்துவிட்டது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி அப்படியே மேலே உயரும். பக்கத்திலேயே சாலைப் பாலம் இருக்கிறது. அதன் நடுவில் வண்டியை நிறுத்தி எட்டிப்பார்ப்பது ஆபத்து, பாலத்தின் முனையில் இறங்கிப் பாருங்கள்.

கோயிலில் 22 தீர்த்தங்களில் நீராடுவதாக இருந்தால் அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அக்னி தீர்த்தக் கடலில் முழுக்கு. அப்புறம் ஈர உடையோடு ஒவ்வொரு கிணறாகப் போக வேண்டும், வாளியில் இறைத்து ஊற்றுவார்கள். முடிந்ததும் உடை மாற்றிக்கொண்டுதான் சன்னதிக்குள் விடுவார்கள். ஆகவே மாற்று உடை ஒன்று, ஈரத்துணி வைக்க ஒரு பை, சில்லறை மட்டும் கையில் போதும். தரை முழுக்க ஈரமாக வழுக்கும், பெரியவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். கைபேசியை அறையிலேயே வைத்துவிடுங்கள். இங்கும் திருச்செந்தூரிலும் உள்ளே கொண்டுபோக முடியாது. காலை ஐந்தரை, ஆறுக்குப் போனால் எட்டு மணிக்குள் முடித்துவிடலாம்.

தனுஷ்கோடிக்கு மதியம் மூன்று மணிக்குக் கிளம்புங்கள். இருட்டிய பிறகு அங்கே இருக்க விடமாட்டார்கள், மாலையில் சோதனைச்சாவடியில் வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் இந்த ஊரே அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோனது. தேவாலயத்தின் சுவர்களும் ரயில் நிலையத்தின் சில தூண்களும் மட்டும் மிச்சம். அந்தச் சுவர்களில் ஏறிப் படம் எடுக்காதீர்கள். பவளக்கல்லால் கட்டியவை, உதிர்கின்றன, தவிர அங்கே இறந்தவர்களின் உறவினர்கள் இன்னும் இந்தத் தீவில்தான் இருக்கிறார்கள். இடிபாடுகளைச் சுற்றிக் குடிசை போட்டிருக்கும் மீனவக் குடும்பங்களிடம் சங்கு, சிப்பிப் பொருள்கள் வாங்கலாம். சாலை அரிச்சல்முனையில் முடிகிறது. ஒரு பக்கம் அலையடிக்கும் மன்னார் வளைகுடா, மறுபக்கம் அமைதியான பாக் நீரிணை. தலைமன்னார் இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். இரண்டு நீரும் சேரும் இடம் என்பதால் இழுப்பு மிக அதிகம், காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தீவைவிட்டுத் திரும்பும் வழியில் பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். மாலை ஐந்துக்குள் போய்விட வேண்டும் என்பதால் காலையிலேயே பார்ப்பது நல்லது. கீழக்கரை வழியாகப் போனால் தொதல் வாங்கிக்கொள்ளுங்கள், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டியது.

தூத்துக்குடியில் பனிமய மாதா பேராலயம், உப்பளங்கள், மாலையில் பரோட்டா. முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துச் செய்யும் மக்ரூனை இங்கேதான் வாங்க வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் போடச் சொல்லுங்கள், கடற்கரைக் காற்றில் சீக்கிரம் நமுத்துவிடும். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கிய துறைமுகம் இது.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் ஆதிச்சநல்லூர். முதுமக்கள் தாழிகளை அவை கிடைத்த குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். கடலுக்கு மிக அருகே இருந்தும் உப்புக் கரிக்காத நாழிக்கிணற்றைப் பார்த்துவிட்டு, மாலையில் 18 கிலோமீட்டர் தெற்கே மணப்பாட்டுக்குப் போங்கள். மணல் மேட்டின் மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே புனித சவேரியார் தங்கி ஜெபித்ததாகச் சொல்லும் குகை, மூன்று பக்கமும் கடல். நான் பார்த்தவரை இந்தக் கரையில் இதைவிட அழகான மாலை வேறு எங்கும் கிடைக்காது. நவராத்திரி சமயத்தில் வந்தால் பக்கத்தில் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா. விதவிதமாக வேடம் கட்டிய பக்தர்கள் ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்குவதைச் சாலையிலேயே பார்க்கலாம். உடன்குடிக் கருப்பட்டிக்கும் இதுதான் வட்டாரம்.

கன்னியாகுமரியில் சூரிய உதயம் எல்லா நாளும் உண்டு, மேகம் இல்லாமல் இருந்தால் சரி. கடலில் மறையும் சூரியனை முனையிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் ஏறக்குறைய அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடு வரைதான். மற்ற மாதங்களில் நிலத்துக்குப் பின்னால் போய்விடும். விவேகானந்தர் பாறைக்குப் படகு எட்டு மணிக்குத் தொடங்கும், ஏழு மணிக்கே வரிசையில் நில்லுங்கள். பத்து மணிக்கு வந்தால் வரிசை தெருவுக்கு வந்துவிடும். பாறையிலிருந்து வள்ளுவர் சிலைக்குப் போக 2024 டிசம்பர் இறுதியில் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். முன்பெல்லாம் கடல் கொஞ்சம் சீறினாலே சிலைக்குப் படகு நிறுத்திவிடுவார்கள், இப்போது அந்தச் சிக்கல் குறைந்திருக்கிறது. சிலை 133 அடி, அதிகாரத்துக்கு ஓர் அடி. அதில் பீடம் மட்டும் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள்.

முனையிலேயே இரண்டு நாள் இருக்க வேண்டாம். மாலையில் வட்டக்கோட்டை, ஆறேழு கிலோமீட்டர்தான். மறுநாள் சுசீந்திரம், பிறகு பத்மநாபபுரம் அரண்மனை. 1956-ல் குமரி தமிழகத்தோடு சேர்ந்த பிறகும் அரண்மனையை நிர்வகிப்பது கேரளத் தொல்லியல் துறைதான். முகப்பு மண்டபத்தின் மரக்கூரையைத் தலைநிமிர்த்திப் பாருங்கள், செதுக்கிய பூக்கள் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. தரை கண்ணாடிபோல் கறுப்பாக மின்னும். சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் பூசியது.

எந்த ஊரானாலும்: கடலில் இறங்கும் முன்

மெரினா தொடங்கி குமரி வரை பெரும்பாலான கரைகள் குளிக்கத் தோதானவை அல்ல. தட்டையாகத் தெரியும், இரண்டடி தள்ளிப் பள்ளம் இருக்கும். குளித்தே ஆக வேண்டுமென்றால் காவலர்கள் இருக்கும் இடத்தில், இடுப்பளவுக்கு மேல் போகாமல் குளியுங்கள். தண்ணீர் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப் போகாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் இழுப்பு விட்டுவிடும், அப்புறம் கரைக்குத் திரும்பலாம். குமரிக் கரையில் காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று பேரலை எழும்பும், கள்ளக்கடல் என்பார்கள். அந்த எச்சரிக்கை அறிவித்திருந்தால் பாறைகளில் நிற்பதும் வேண்டாம். உள்ளூர் மீனவர் ஒருவர் "இன்னைக்கு இறங்காதீங்க" என்று சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். மணலில் செருப்பில்லாமல் நடக்கும்போது மீன் முள்ளும் தூண்டில் கொக்கியும் கிடக்கும், குழந்தைகளுக்குச் செருப்பு போட்டுவிடுங்கள்.